பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர், 800 மீட்டர் ஓடுவாள். குறுவட்டத்தில் இரண்டிலும் முதலிடம். மாவட்டப் போட்டியில் 800 மீட்டரில் நான்காவதாக வந்தாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவளிடம் அவள் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து என்.சி.சி.யிலும் இருக்கிறாள். அதில் சேர்ந்த பிறகு எதிர்த்துப் பேசுகிறாள் என்கிறார் என் மாமியார். வெயிலில் ஓடிக் கறுத்துப்போகிறாள் என்பது அவருக்கு இன்னொரு குறை. வரும் ஜூனில் பத்தாம் வகுப்பு என்பதால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். மூத்த மகனை அப்படித்தான் வளர்த்தோம். பள்ளி, டியூஷன், வீடு, அவ்வளவுதான். நல்ல மதிப்பெண் வாங்கி இப்போது பொறியியல் முதலாண்டு, விடுதியில் இருக்கிறான். ஆனால் யாரோடும் ஒட்டுவதில்லை. முதல் பருவத்தில் ஒரு தாளில் பெயில் ஆனதை எங்களிடம் ஒரு மாதம் மறைத்துவிட்டான். அவனைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, இவளை இப்படியே விட்டாலும் பயமாக இருக்கிறது. விளையாட்டும் என்.சி.சி.யும் பிள்ளைகளை நல்லபடியாக உருவாக்கும் என்கிறார்களே, உண்மைதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் உடனே முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு இதுதான் பதில். ஆனால் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு வெறுமனே ‘ஆமாம்’ என்று சொல்ல எனக்கு மனமில்லை. விளையாட்டு ஒழுக்கம் தரும், என்.சி.சி. தலைமைப் பண்பு தரும் என்று ஆண்டு விழா மேடைகளில் சிறப்பு விருந்தினர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். நடுவரை ஏமாற்றக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் மைதானத்தில் உண்டு. சீருடை போட்ட தைரியத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களும் உண்டு. மைதானமும் பரேடும் தாமாக யாரையும் உருவாக்குவதில்லை. அங்கே நிற்கும் பெரியவர் எப்படிப்பட்டவர், தோற்று வந்த பிள்ளைக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது, இந்த இரண்டும்தான் பெரும்பங்கு செய்கின்றன.

முதலில் உங்கள் கணவரின் கவலை. பத்தாம் வகுப்பை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் காலண்டரைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆனாலும் குறுவட்டம், மாவட்டம் எல்லாம் பெரும்பாலும் கல்வியாண்டின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிறவர்களுக்குத்தான் அதற்குமேல் வேலை. திருப்புதல் தேர்வு ஜனவரியில் தொடங்குகிறது, பொதுத்தேர்வு அதற்கும் பிறகு. இரண்டும் நேருக்கு நேர் மோதுகிற நாட்கள் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஜனவரியிலிருந்து பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை.

காலையில் ஓடும் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் அது அப்படியே கணக்குப் புத்தகத்துக்குப் போய்ச்சேரும் என்று நாம் நம்புகிறோம். போகாது, பெரும்பாலும் செல்போனுக்குத்தான் போகும். 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசையும்படி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொதுத்தேர்வு எழுதும் வருடத்துக்கு அதில் விதிவிலக்கு எதுவும் தரவில்லை. உண்மையில் இடிப்பது தூக்கம்தான். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டியவள் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். அதற்கு முதலில் வீட்டில் டிவியை அணைக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். ‘இரண்டு நாள் பேசவில்லை.’ இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதமே அதுதான் என்று படுகிறது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், பி.டி. உஷா நான்காவதாக வந்தார். நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் கை நழுவியது. அன்று அவர் ஓடிய நேரம் 55.42 விநாடி. அதைத் தொட இந்தியப் பெண்களுக்கு 39 ஆண்டு ஆயிற்று. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42இல் ஓடிச் சமன் செய்தார், பிறகு இறுதிப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். வித்யா ஆட்டோ ஓட்டுநரின் மகள். உங்கள் மகளும் உஷா ஆகிவிடுவாள் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒருவர்கூட அங்கே போய்ச்சேர்வதில்லை. நான்காவது இடத்தை இந்த நாடு எத்தனை மரியாதையாக இத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறது என்று உங்கள் கணவருக்குத் தெரியட்டும்.

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஏமாற்றத்தை எப்படி வெளியே காட்டுவது என்று தெரியாத அப்பாக்கள் மௌனத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த மௌனம் ‘நீ ஜெயித்தால்தான் எனக்கு மகள்’ என்றுதான் கேட்கும். மைதானத்தில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடியவற்றில் பெரியது, தோற்றுவிட்டு மறுநாள் காலையில் அதே இடத்தில் போய் நிற்பது. அதை இரண்டு நாள் மௌனம் அழித்துவிடும். பள்ளிக்கூடம் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பிறகு ஒட்டாது.

போட்டியன்று வீட்டில் யாரும் ரிசல்ட்டைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். ‘சாப்பிட்டியா, கால் வலிக்குதா’ போதும். ஒன்றிரண்டு நாளில் அவளே ஆரம்பிப்பாள். அப்போது ‘ஏன் நாலாவது?’ என்று கேட்காமல் ‘முதல் ரவுண்டு எப்படிப் போச்சு?’ என்று கேளுங்கள். 800 மீட்டர் என்பது டிராக்கில் இரண்டு சுற்று. முதல் சுற்றைத் தலைதெறிக்க ஓடிவிட்டு இரண்டாவதில் மூச்சு நின்றுபோவது இந்த வயதில் எல்லோரும் செய்வதுதான். உங்கள் மகள் என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், சொல்லத்தான் ஆள் வேண்டும். அப்புறம், அந்த இரண்டு நாளுக்காக உங்கள் கணவர் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊர் அப்பாக்களுக்கு ‘மன்னிச்சிடும்மா’ வாயில் வராது என்பது தெரிந்ததுதான். ஒரு சனிக்கிழமை காலை மைதானத்துக்குக் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். ஸ்டாப்வாட்ச் மட்டும் கையில் வேண்டாம்.

இதே இடத்தில் உங்கள் மகனும் இருக்கிறான். அவன் விளையாடாமல் வளர்ந்ததால்தான் இப்படி ஆனான் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தாளில் பெயில் ஆனதை ஒரு பையன் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு மாதம் தனியாகச் சுமக்கிறான் என்றால், தோற்றால் இந்த வீட்டில் பேச்சு நின்றுபோகும் என்பது தங்கைக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு இல்லாமல் போனது பந்தும் மைதானமும் மட்டுமில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில், தோற்றுப்போய் அதன் பிறகும் ஒன்றும் ஆகாமல் இருந்த அனுபவம் அவனுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. விளையாடுகிற பிள்ளைக்கு அது வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும், வீடு கெடுக்காமல் இருந்தால்.

இனி அங்கே நிற்கும் பெரியவரைப் பற்றி. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். பத்து வயதை ஒட்டிய பையன்களைச் சின்னச் சின்ன மன்றங்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். பொறுப்பாக நின்ற பெரியவர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். ஒருவிதம், எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து கட்டளை போடுவது. இன்னொன்று, பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்துக் கூடவே வேலை செய்வது. மூன்றாவது, ‘என்னவோ செய்யுங்கள்’ என்று விட்டுவிடுவது. மூன்றாவது வகையில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. கட்டளைக் குழுவில் வேலை நடந்தது. ஆனால் பிள்ளைகள் ஒன்று வாயடைத்துக் கிடந்தார்கள், இல்லாவிட்டால் தங்களுக்குள் ஒருவனைப் பிடித்துக் குதறினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பொறுப்பாளர் அறையைவிட்டு வெளியே போனதும் கட்டளைக் குழுவில் வேலை சட்டென்று விழுந்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழு அவர் இல்லாமலும் கிட்டத்தட்ட அதே மாதிரி வேலையைத் தொடர்ந்தது.

சின்ன ஆய்வு, பையன்கள் மட்டும், வேறு நாடு, வேறு காலம். அதை வைத்துச் சேலத்தை அளக்க முடியாது. ஆனால் ஒரு பி.டி. டீச்சரையோ என்.சி.சி. டீச்சரையோ எப்படி எடைபோடுவது என்று கேட்டால் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை: டீச்சர் லீவு போட்ட அன்று பிள்ளைகள் ஓடுகிறார்களா? தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கும் கோப்பைகளை எண்ணாதீர்கள். ரிலே அணியில் இடம் கிடைக்காத பிள்ளையை அந்த டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஸ்டார்ட்டராக நிற்கவோ நேரம் குறிக்கவோ வைத்துக்கொள்கிறாரா, இல்லை கணக்கு வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறாரா? கடைசியாக ஓடி வருகிற பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா? உங்கள் வீட்டிலும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். பெரியவன் டியூஷன் போனது, படித்தது எல்லாம் நீங்கள் அறையில் இருந்தவரை. விடுதிக்குப் போனதும் அறையில் யாரும் இல்லை.

என்.சி.சி. 1948இல் ஆரம்பித்தது. ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது அதன் குறிக்கோள். ஒழுக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு மற்றதுதான் பெரிதாகத் தெரிகிறது. பத்து நாள் முகாமில் வேறு வேறு ஊர், பள்ளி, சாதி, வசதி உள்ள பிள்ளைகள் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று, ஒரே குழாயில் துணி துவைக்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இது நம் ஊரில் வேறெங்கே கிடைக்கும்? சொந்தக்காரர் கல்யாணத்தில் கிடைக்காது. ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும் ‘சாவ்தான்’ சத்தத்துக்கு விறைத்து நிற்பதும் இதற்கு அடுத்தபடிதான்.

எதிர்த்துப் பேசுகிறாள் என்றால், என்ன பேசுகிறாள்? அதை நீங்கள் எழுதவில்லை. ‘அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் ஏன் கழுவணும்?’ என்பது போன்ற கேள்விகள் என்றால் அதற்குப் பெயர் எதிர்ப்பேச்சு இல்லை. முகாமில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவினார்கள், அவள் பார்த்திருக்கிறாள். பாட்டியை மரியாதைக் குறைவாகப் பேசுகிறாள், சின்னவர்களை அதட்டுகிறாள் என்றால் கண்டியுங்கள். அதிகாரத்தை ருசி பார்த்த பிள்ளைகளுக்கு அதுவும் வரும்.

என்.சி.சி.மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படியச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு, தப்பான கட்டளை வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. அதை வீடுதான் செய்ய வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தியது போலி முகாம். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது. அங்கே தங்கிய மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். இதைக் காட்டி மகளை வீட்டில் பூட்டச் சொல்லவில்லை, விசாரிக்கச் சொல்கிறேன். உண்மையான முகாமை நடத்துவது பல பள்ளிகளின் என்.சி.சி. பிரிவுகளை மேற்பார்க்கும் பட்டாலியன், பள்ளி தன் இஷ்டத்துக்கு நடத்த முடியாது. எந்த பட்டாலியன், எங்கே முகாம், மாணவிகளோடு இரவு தங்கும் பெண் அதிகாரி யார், உங்கள் கையெழுத்து வாங்கிய படிவம் எது என்று பொறுப்பாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதற்காக யாராவது முகம் சுளித்தால் அங்கே அனுப்பாதீர்கள். விளையாட்டுப் பயிற்சிக்கும் இதேதான். தொட்டுப் பேசுவது, தனியாகக் கூப்பிடுவது, ‘வீட்டில் சொல்லாதே’ என்பது, இவற்றில் எது நடந்தாலும் அன்றே உங்களிடம் சொல்லலாம், சொன்னால் ஓட்டம் நின்றுவிடாது என்ற உறுதியை அவளுக்குக் கொடுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

மாமியாரின் கறுப்பு விவகாரத்துக்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. அவரிடம் ரேவதி வீரமணியின் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். மதுரை சக்கிமங்கலத்தில் தாய் தகப்பன் இல்லாத இரண்டு பேத்திகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவர். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னபோதும் பள்ளிக்குத்தான் அனுப்பினார். விளையாட்டு என்றதும் அவரும் முதலில் தயங்கினார். பயிற்சியாளர் கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்தார். வெறுங்காலில் ஓடிய அந்தப் பேத்தி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார், ரயில்வேயில் வேலையும் பெற்றார். கறுப்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் அந்தப் பாட்டி என்ன சொல்வார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மாமியாரை ஒரு நல்ல வேலையில் இறக்கிவிடலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நீண்ட தூரம் ஓடும் பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் முதலில் தெரிவது ஓட்டத்தில்தான். ‘சோம்பேறி ஆயிட்டா’ என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் போட்டுக்கொள்ளட்டும். முருங்கைக்கீரை, முட்டை, நிலக்கடலை, கேழ்வரகு என்று பாட்டி கைப்பக்குவத்தில் நடக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் வலி இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால், ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் போங்கள். அவளே ‘வேண்டாம்’ என்றாலும் நிறுத்தலாம், ஆனால் தோற்ற வாரத்தில் சொன்னால் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் அதையே சொன்னால் விட்டுவிடுங்கள்.

சான்றிதழைப் பற்றி உங்கள் கணவர் கேட்பார். காவலர் தேர்வில் என்.சி.சி.க்கும் என்.எஸ்.எஸ்.ஸுக்கும் விளையாட்டுக்கும் தனி மதிப்பெண் உண்டு, கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிக் காலத்தில் வாங்கும் என்.சி.சி. ‘சி’ சான்றிதழுக்கு ராணுவ அதிகாரி தேர்வில் தனி வழியே இருக்கிறது. பள்ளியில் கிடைக்கும் ‘ஏ’ சான்றிதழ் அந்த வரிசையில் முதல் படிதான், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் சேர்ந்தவள் என்பதால் இரண்டாண்டுப் பயிற்சி இந்த வருடத்தோடு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் அந்தச் சுமை அநேகமாக இருக்காது, எதை நிறுத்துவது என்று சண்டையே தேவையில்லை.

மகனிடம் போனில் ‘படிக்கிறியா’ என்று கேட்பதை ஒரு மாதத்துக்கு விட்டுப்பாருங்கள். அந்த பெயில் ஆன தாளைப் பற்றி ‘நீ சொல்லப் பயந்தது எங்க தப்பு’ என்று அவன் அப்பா சொன்னால் நல்லது, நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை. அவன் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) இருக்கும். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் கிராம முகாம். கூச்சமுள்ள பையன்களுக்கு என்.சி.சி.யைவிட இது ஒத்துவரும். இங்கே யாரும் விறைப்பாக நிற்கச் சொல்ல மாட்டார்கள், கையில் மண்வெட்டியோ பெயிண்ட் பிரஷ்ஷோ கொடுத்து நாலு பேரோடு நிறுத்திவிடுவார்கள். பேச்சு தானாக வரும். அவன் முதலாண்டு என்பதால் சேர இன்னும் நேரம் இருக்கிறது. திட்ட அலுவலரின் போன் நம்பரைக் கண்டுபிடித்து நீங்களே பேசிவிடாதீர்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், போவதும் போகாததும் அவன் பாடு.